கோல் அடித்தவன் வீட்டுக்குத்தான் வலை

மேடவாக்கத்தில் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு கால்பந்து மைதானம் வந்திருக்கிறது. டர்ஃப் என்கிறார்கள். தரையெல்லாம் பிளாஸ்டிக் புல். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். நாலு பக்கமும் வலை, தலைக்கு மேலேயும் வலை. பந்து எங்கேயும் ஓடிப்போக முடியாது. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பிரவீன் அங்கே விளையாடுகிறவன். நல்ல பையன். பந்து காலுக்கு வந்ததும் தலையைக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான் என்பதைத் தவிர அவனிடம் குறை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் செல்போனைச் சுற்றி நின்றார்கள். கம்பத்தில் கேமரா இருக்கிறதாம். அடித்த கோலெல்லாம் உடனே போனுக்கு வந்துவிடுகிறது. பிரவீன் தன் கோலை எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டினான். அப்புறம் கேட்டான்.

“அங்கிள், நீங்க ஸ்ட்ரைக்கர்தானே? மொத்தம் எத்தனை கோல் அடிச்சிருக்கீங்க?”

“எண்ணலப்பா.”

“எண்ணலையா? சும்மா ரஃப்பா சொல்லுங்க அங்கிள்.”

ரஃப்பாகக்கூடச் சொல்ல வரவில்லை. ஒரு கோல் கணக்கில் சேருமா சேராதா என்று எனக்கே தெரியாமல் பாதி வாழ்க்கை ஓடியிருந்தது. போன மாதம்தான் அது தீர்ந்தது. தீர்ந்ததும் பிரவீனிடம் சொன்னேன். “இதை எழுதி வைங்க அங்கிள்” என்றான். எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. குரோம்பேட்டையில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதே கம்பெனியின் கால்பந்து அணியில் பல வருடம் முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிற வேலையும் பார்த்தேன். மூன்றாம் டிவிஷன். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் டிவிஷன் ஆட்டத்துக்குப் பேப்பர்காரர்கள் வருவார்கள். இரண்டாம் டிவிஷனுக்கு ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்கள் வருவார்கள். எங்கள் ஆட்டத்துக்கு மாடு வரும். அது மைதானத்தின் குறுக்கே நடந்தால் ரெஃப்ரி விசில் ஊதிவிட்டு, அது போகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு, ஆஃப்சைடு ஆரோக்கியம். அது அநியாயம். அதில் பாதிக்கு மேல் லைன்ஸ்மேன்களின் கண் கோளாறு.

நான் விளையாடக் கற்றுக்கொண்ட கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்தது மேற்குத் தாம்பரம் கடப்பேரி. படிப்பு ஏறவில்லை. ஒரு வெல்டிங் கடையில் கையாளாக இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் கூப்பிட்டாலும் போய் ஆடுவேன். ஒரு பிரியாணிப் பொட்டலம் போதும், எந்த ஊருக்கும் நான் சென்டர் ஃபார்வர்டு.

அப்படித்தான் கோவளத்துக்கும் போனேன். திருவிழாவையொட்டிக் கடற்கரையில் அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி. முதல் பரிசு ஆட்டுக்கிடா. அதை எல்லாரும் பார்க்கும்படி கோலுக்குப் பின்னால் ஒரு படகில் கட்டி வைத்திருந்தார்கள். கோல் கம்பம் சவுக்குக் கட்டை. வலை, யாரோ ஒரு படகுக்காரர் தந்த நிஜமான மீன்வலை. கடைசி ஆட்டத்தில் நான் அடித்த பந்து அந்த வலையைக் கிழித்துக்கொண்டு போய்க் கிடாவின் மேல் பட்டது. கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே ஒரு பெண் ஓடிவந்தாள். பாராட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

“யோவ், கண்ணு கீதா இல்லியா? வலைக்குள்ள அடிக்கச் சொன்னா வலையையே அடிச்சுட்டு இன்னா டான்ஸு? நாளைக்கு எங்க அப்பா இன்னாத்த எடுத்துக்கினு கடலுக்குப் போவாரு?”

அதுதான் ஸ்டெல்லா. அங்கேயே மணலில் உட்கார்ந்து கிழிந்த இடத்தைப் பின்ன ஆரம்பித்தாள். ஒரு ஓரத்தை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். கிடாவைப் பங்கு போட்டபோது நான் அங்கே இல்லை, எனக்கு ஒரு எலும்புகூட மிஞ்சவில்லை. ஆனால் அடுத்த வருடமே அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

அதே கோலுக்குப் பின்னால், நல்ல வெயிலில் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். தடித்த கண்ணாடி, முழுக்கை வெள்ளைச் சட்டை, மணலில் ஷூ. வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார்.

“தம்பி, நீங்க திரும்பிப் பாக்காமலே அடிச்சீங்க. கோல் அங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“அங்கதான் சார் இருந்துச்சு. எங்க போயிடும்?”

அவர் சிரிக்கவில்லை. “திங்கட்கிழமை கம்பெனிக்கு வாங்க” என்றார்.

அவர் நாகராஜன் சார், பம்பு கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர். அணிக்கு மேனேஜர், கோச், வைத்தியர் எல்லாம் அவரே. திங்கட்கிழமை போனேன். டெம்பரரியாக எடுத்துக்கொண்டார்கள். காலையில் பயிற்சி, பிறகு லாரியில் பம்பு ஏற்றும் வேலை.

மற்ற மேனேஜர்கள் மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். சார் எப்போதும் எதிரணியின் கோலுக்குப் பின்னால் போய் நிற்பார். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால், அவரும் குடையோடு மைதானத்தைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போவார். “ஃபார்வர்டோட முகத்தைப் பாக்கணும். முதுகைப் பார்த்து எனக்கு என்ன தெரியப் போகுது?” என்பார். எவ்வளவு கோபம் வந்தாலும் ‘நீங்க’தான். “ஆரோக்கியம், பந்து வந்துச்சு, நீங்க நின்னீங்க. பந்து போச்சு, அப்பவும் நின்னீங்க. ஏதாவது வேண்டுதலா?” இதைக் கேட்பதற்குப் பதில் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

விடிகாலையில் என்னைக் கோலுக்கு முதுகு காட்டி நிற்கவைப்பார். திரும்பிப் பார்க்கக் கூடாது. முதலில் கட்டை விரலைத் தோளுக்குப் பின்னால் நீட்டி, இடது கம்பம் எங்கே, வலது கம்பம் எங்கே என்று காட்ட வேண்டும். பின்னாலிருந்து சாரின் குரல் வரும். “இன்னும் கொஞ்சம் உள்ள.” விரலை நகர்த்துவேன். “ம்.” அந்த ‘ம்’ வந்த பிறகுதான் ஒருவன் பந்தை என் காலுக்கு அனுப்புவான். உடம்பைத் திருப்பும்போதே அடித்துவிட வேண்டும். நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தால் கோலானாலும் சார் கணக்கில் சேராது. “நீங்க பாக்குற நேரத்துல எதிர் டீம் ஸ்டாப்பர் வந்து உங்க மேல உக்காந்திருப்பாரு” என்பார்.

இந்தப் பாடம் மைதானத்தோடு முடியாது. கேண்டீனில் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருப்பேன். பின்னாலிருந்து “ஆரோக்கியம், வாசல் எங்க?” என்று கேட்கும். சாதக் கையோடு, திரும்பாமல், கட்டை விரலால் வாசலைக் காட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எனக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்தார்கள். என் கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தபோது, பின்பெஞ்சிலிருந்து எங்கே கேட்டுவிடுவாரோ என்று எனக்கு வேர்த்தது.

இனி வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மைதானத்தில் கம்பம் மட்டும்தான் நிற்கும். வலையைக் கட்டியபடி விட்டுவிட்டு வந்தால் மறுநாள் அது யார் வீட்டுக் கோழிக்காவது கூண்டாகியிருக்கும். அதனால் ஆட்ட அட்டவணையில் எந்த அணியின் பெயர் முதலில் இருக்கிறதோ, அந்த அணி இரண்டு கோலுக்கும் வலை கொண்டுவர வேண்டும். முதல் பாதியில் யார் எந்தக் கோலைக் காக்கிறார்களோ, அவர்களே அந்தக் கோலில் வலையைக் கட்டிக்கொள்வார்கள். மேலே கயிற்று முடிச்சு. கீழே தரையில் அடிக்கும் கொக்கிகள் எல்லாம் எப்போதோ திருடு போய்விட்டதால், வலையின் அடி ஓரத்தில் வரிசையாகச் செங்கல் வைப்போம்.

ஆட்டம் முடிந்ததும் வலைகளைச் சுருட்டிக் கோணியில் கட்டுவோம். எங்கள் அணியில் கடைசியாகக் கோல் அடித்தவன் அந்த மூட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய், காயவைத்து, அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். யாருமே அடிக்கவில்லையென்றால் கோல்கீப்பர் எடுத்துப் போவார். மழையில் நனைந்தால் அந்த மூட்டை தூக்க முடியாத கனம் கனக்கும். ஆனாலும் அதைச் சுமக்க எங்களுக்குள் அடிதடி. சைக்கிள் கேரியரில் மூட்டையோடு நான் தெருவுக்குள் நுழைந்தால் சைக்கிள் கடை அண்ணன், “ஆரோக்கியம் கோல் போட்டுட்டான்டோய்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். மூட்டை இல்லாமல் வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் தாங்க முடியாது.

வலை வீட்டுக்கு வந்துவிட்டால் அது ஸ்டெல்லாவின் பொறுப்பு. கொடியில் விரித்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து, பிய்ந்த இடத்தைப் பின்னித்தான் திருப்பிக் கொடுப்பாள். “நம்ம வூட்லேர்ந்து போற வலையில ஓட்டை இருந்தா எங்க அப்பாவுக்குத்தான் மானக்கேடு” என்பாள். அவள் அப்பா கோவளத்தில் இருந்தார். மூன்றாம் டிவிஷன் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அடுத்தது காதர். பல்லாவரம் அணியின் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையில் நின்று என்னைப் போன்றவர்களை மறிக்கிறவன். தோல் பதனிடும் இடத்தில் வேலை. என் கணுக்காலில் இருக்கும் தழும்புகளில் முக்கால்வாசி அவன் போட்டது. காலை வாரிவிட்டு, அவனே கை கொடுத்துத் தூக்கிவிடுவான். “இன்னா மச்சான், வலிக்குதா? வூட்டுக்குப் போய் தேங்காண்ண தடவு.” கார்னர் கிக்குக்குக் காத்திருக்கும்போது குடும்ப விஷயம் விசாரிப்பான். ஸ்டெல்லா அவனுக்குத் தங்கச்சி முறை. “தங்கச்சி நல்லா கீதா? எத்தனாவது மாசம்?” என்று கேட்டு, நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது பந்தை முட்டித் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

அவன் அப்படி விசாரித்த வருடம்தான் அது. ஸ்டெல்லா வயிற்றில் எங்கள் மூத்த பெண் இருந்தாள். கம்பெனியில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அணி இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினால் டெம்பரரி ஆட்டக்காரர்களைப் பெர்மனென்ட் ஆக்குவோம் என்று. கடைசி ஆட்டம் பல்லாவரத்தோடு. ஜெயித்தால் ஏறுவோம், டிரா போதாது. அவர்களுக்கோ தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டிய நிலை. அட்டவணையில் எங்கள் பெயர்தான் முதலில். முந்தைய ஆட்டத்தில் கடைசிக் கோல் அடித்தவன் நான் என்பதால் வலை எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று. மூட்டையைக் கேரியரில் வைத்துக் கட்டியபோது ஸ்டெல்லா, “ஒரு கண்ணு விடாம பாத்துட்டேன். நீங்க உள்ள அடிச்சா மட்டும் போதும்” என்றாள்.

காலையிலிருந்தே மழை. மைதானம் நாற்று நடலாம் போல் இருந்தது. நாங்கள் எங்கள் பக்கம் வலையைக் கட்டினோம், அவர்கள் அவர்கள் பக்கம் கட்டினார்கள். காதர் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தான். அப்போதைய பூட்ஸில் அடிப்பக்கத் தோல் குமிழ்களை ஆணியால்தான் அடித்திருப்பார்கள். ஈரத்தில் ஆணி மேலே கிளம்பிப் பாதத்தைக் குத்தும். என்னைப் பார்த்து, “மச்சான், இன்னிக்கு ஆணி வெளில நிக்குது, பாத்து ஓடு” என்று சிரித்தான்.

முதல் பாதி முடியும் தறுவாயில் ஒரு பந்து சேற்றில் குதித்துக்கொண்டு என்னிடம் வந்தது. கோலுக்கு என் முதுகு. என் முதுகில் காதர். அவர்களுடைய கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து வந்து வழுக்கிக் குப்புற விழுந்தார். என் கண்ணில் சேறு. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கம்பம் எங்கே இருக்கிறது என்று என் கட்டை விரலுக்குத் தெரியும். திரும்பும்போதே அடித்தேன். காதர் என் மேல் விழுந்தான். என் முகம் சேற்றுக்குள் போயிற்று.

முகத்தை வழித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், வலை ஆடிக்கொண்டிருந்தது. பந்து வலைக்கு வெளியே, சாரின் காலடியில் கிடந்தது. ரெஃப்ரி தூரத்தில் நின்றார். மழையில் அவருக்கும் தெரியவில்லை. அவர் திகைத்து நிற்கும்போதே காதர் எழுந்து கையை ஆட்டினான்.

“வெளில போச்சு சார்! சைடு வலையில வெளிப்பக்கமா பட்டுச்சு!”

ரெஃப்ரி அது கோல் இல்லை என்று பல்லாவரத்துக்குக் கோல் கிக் கொடுத்துவிட்டார். நான் சாரிடம் ஓடினேன்.

“சார், நீங்க பாத்தீங்கல்ல? வந்து சொல்லுங்க சார்!”

சாரின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

“ஆரோக்கியம், வலை ஆடுச்சு. பந்து என் காலுக்கு வந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. கோல்னு நினைக்கிறேன். நினைக்கிறதை ரெஃப்ரிகிட்ட சொல்லக் கூடாது.”

“சார், என் வேலை சார்!”

“தெரியும்” என்றார். “போங்க. இன்னும் பாதி ஆட்டம் இருக்கு.”

இடைவேளையில் அந்த வலையைப் போய்ப் பார்த்தேன். செங்கல் எல்லாம் வரிசையாக இருந்தது. இரண்டாம் பாதியில் யாரும் கோல் அடிக்கவில்லை. கோல்கீப்பர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வெறும் கேரியரோடு வீட்டுக்குப் போனேன்.

ஸ்டெல்லாவிடம், அது கோல்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். “வலையில எங்கயோ ஓட்டை இருந்திருக்கு. உள்ள போன பந்து அது வழியா வெளியே வந்துடுச்சு” என்றும் சொல்லித் தொலைத்தேன்.

“என் வலையில ஓட்டையா?” என்றாள். மறுநாள் காலையில் வயிற்றுப் பிள்ளையோடு சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து, சேலையூரில் இருந்த கோல்கீப்பர் வீட்டுக்கு விடச் சொன்னாள். அவர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு வலையையும் விரித்து, ஒவ்வொரு கண்ணாகத் தடவிப் பார்த்தாள். ஒரு ஓட்டையும் இல்லை.

“பாத்துக்கோங்க. பந்து உள்ள போயிருந்தா உள்ளதான் கிடந்திருக்கும்.”

அன்றைக்கு ஆரம்பித்தது. என் கோல் நிஜம் என்றால் அவள் வலை பொய். அவள் வலை நிஜம் என்றால் என் கோல் பொய். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போன பிறகும் எங்கள் வீட்டில் இந்த வழக்கு முடியவில்லை. விருந்தில் பழைய ஆட்டக்காரன் எவனாவது, “அன்னிக்கு நீ போட்டது கோல்தான்டா” என்று சொன்னால், எனக்குச் சந்தோஷப்பட வழியில்லை. பக்கத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்திருப்பாள்.

வேலை பெர்மனென்ட் ஆகவில்லை. சாரோடு எனக்குப் பேச்சு இல்லை. அவர் மட்டும் எதுவும் நடக்காததுபோல் கேண்டீனில் வந்து நிற்பார். “ஆரோக்கியம், வாசல் எங்க?” நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். மறுநாள் மறுபடியும் வருவார். அந்த வாரத்திலேயே என்னை லாரிப் பக்கத்திலிருந்து மாற்றி, பம்பைத் தண்ணீரில் ஓட்டிச் சோதிக்கும் பிரிவில் போட்டிருந்தார். “கால் எவ்வளவு நாளைக்கு வரும்னு சொல்ல முடியாது. கையும் பழகட்டும்” என்று அங்கிருந்த மேஸ்திரியிடம் சொன்னாராம்.

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தேன். பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டது.

“ஆரோக்கியம், வாசல் எங்க?”

குழந்தையைப் பிடித்திருந்த கையிலிருந்து கட்டை விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன். “ம்” என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, குடையை மறந்து விட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் சில வருடம் கழித்து நான் பெர்மனென்ட் ஆனது பம்பு சோதிக்கிறவனாகத்தான். முழங்கால் போகிறவரை ஆடினேன். அணி கடைசிவரை மூன்றாம் டிவிஷனிலேயே இருந்தது, பிறகு கம்பெனி அதைக் கலைத்துவிட்டது. சார் ஓய்வு பெற்று, நங்கநல்லூரில் இருந்து, காலமாகிவிட்டார். அன்றைக்கு அவர் சொன்ன “கோல்னு நினைக்கிறேன்” நிஜமாகவே நினைத்ததா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

காதர் பல்லாவரத்தில் ஸ்கூட்டர் சீட் கவர் கடை வைத்தான். இரண்டு குடும்பமும் நெருங்கிவிட்டன. அவன் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் ஒரு தடவை, “மச்சான், அன்னிக்கு அந்தப் பந்து...” என்று ஆரம்பித்தேன். “சாப்புடு மச்சான், ஆறிடப் போவுது” என்று என் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தான். அதோடு விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் காதரின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. வெள்ளைத் தாடி, பின்னால் ஒரு கோணி மூட்டை. உள்ளே வந்தவன் உட்காரவில்லை.

“தங்கச்சி, நீயும் வா. உன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்.”

ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். காதர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“எம் பேத்தி கேளம்பாக்கத்துல டர்ஃபுல ஆடுறா இல்ல? போன வாரம் ஒரு கோல் தகராறு. போன்ல போட்டுப் பாத்தாங்க, தீந்துடுச்சு. ‘தாத்தா, உங்க காலத்துல ரெஃப்ரிக்குத் தெரியலைன்னா இன்னா பண்ணுவீங்க’ன்னு கேட்டா. ‘பக்கத்துல நிக்கிறவன் உண்மையைச் சொல்லிடுவாம்மா’ன்னு பெருமையா சொல்லிட்டேன். சொன்னதுலேர்ந்து சோறு எறங்கல மச்சான்.”

எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது.

“அன்னிக்கு பூட்ஸ் ஆணியைத் தட்டிக்கினு இருந்தேனே, இன்னாத்தால தட்டினேன்? வலை மேல வெச்சிருந்த செங்கலை எடுத்துத் தட்டினேன். திருப்பி வெக்க மறந்துட்டேன். நீ அடிச்ச பந்து என் கண்ணு முன்னாடி உள்ள போச்சு. சேத்துல வழுக்கினு போய், அந்தச் செங்கல் இல்லாத எடத்துல வலைக்கு அடியில பூந்து வெளில வந்துடுச்சு. கோல் கிக் எடுக்கறதுக்குள்ள செங்கலைக் காலால தள்ளி வெச்சுட்டேன். எங்க டீமு எறங்கிடும்னு வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். அப்பால உன் வேலை பெர்மனென்ட் ஆவாம போச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. முழங்கால் நன்றாக இருந்திருந்தால் அன்றைக்கு அவன் கணுக்காலில் ஒரு தழும்பு போட்டிருப்பேன். டெம்பரரியாகவே ஓடிய வருடங்கள், ஸ்டெல்லா பிள்ளையைச் சுமந்துகொண்டு கேரியரில் உட்கார்ந்து போன அந்தக் காலை, கேண்டீனில் பதில் வராமல் நின்ற சார், எல்லாம் ஒன்றாக வந்தது. சார் நினைத்தது சரிதான். எனக்காகச் சொன்ன பேச்சில்லை அது. கண்ணாடி தெளிவாக இருந்திருந்தால் குடையைக் கீழே போட்டுவிட்டு ரெஃப்ரியிடம் ஓடியிருப்பார்.

ஸ்டெல்லாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அப்போ என் வலை?”

“உன் வலைக்கு இன்னா தங்கச்சி? அது இரும்பு.”

“இத்தினி வருசமா இந்த மனுசன் என் வலையில ஓட்டைன்னு சொல்லிக்கினு கீறாரு” என்று என் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று தயாராக நின்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

“அப்போ கோலும் நிஜந்தானா?” என்றாள்.

“நிஜந்தான்” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஸ்கூட்டரிலிருந்து மூட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். கோணிக்குள் ஒரு ஜோடி வலை. பேத்தியின் கிளப்பில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

“கோல் அடிச்சவன் வூட்டுக்குத்தானே மச்சான் வலை.”

அவனை அதற்கு மேல் என்ன செய்வது? உட்காரச் சொன்னேன். ஸ்டெல்லா வலையை இழுத்து விரித்துப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணா, இவ்ளோ ஓட்டையோட எடுத்துக்கினு வந்து கீற?” என்றாள். நூலும் ஊசியும் எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். காதர் ஒரு ஓரத்தை இழுத்துப் பிடித்தான். மத்தியானச் சாப்பாடு ஓட்டலிலிருந்துதான் வந்தது.

சாயங்காலம் காதர் கிளம்பும்போது மூட்டையைத் தூக்கி என் டிவிஎஸ் வண்டியின் பின்னால் வைத்துக் கட்டச் சொன்னேன்.

“இப்போ எங்க மச்சான்?”

“சும்மா ஒரு ரவுண்டு.”

ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. கேட்டைத் திறந்துவிட்டாள். கோயில் தெரு வரைக்கும் போய், மெதுவாக எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். கத்துவதற்குச் சைக்கிள் கடை அண்ணன் இல்லை. எதிர் ஃபிளாட் வாட்ச்மேன் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மூட்டையைப் பார்த்தார்.

“இன்னா சார், வலையெல்லாம்? கோவளத்துக்கா, மீன் புடிக்கவா?”

“இல்லப்பா. கோல் அடிச்சேன்.”

அவர் என் நரைத்த தலையையும் முழங்காலில் கட்டியிருந்த பட்டையையும் பார்த்தார்.

“எப்போ சார்?”

“முதல் பாதியில” என்றேன்.